ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது: காலிப்பரை மாற்றணுமா, பழுது பார்த்தால் போதுமா?

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவருடையது 2017 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக். முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கை இரண்டு பேடுகள் கவ்வும் வகை; பேடுகளை அழுத்தும் கவ்விதான் காலிப்பர்), பின்னால் டிரம் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உண்டு, 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கோடை விடுமுறையில் ஒன்றரை மாதம் வாசலில் நின்ற வண்டியை ஜூனில் எடுத்ததும் இடது முன்சக்கரத்தில் கருகல் வாடை. ஸ்டியரிங் பிடியைத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது.

உள்ளூர் மெக்கானிக் கழற்றிப் பார்த்தபோது உட்பக்க பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தது; வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்களில் இறுகிப்போன கீழ்ப் பின்னைச் சுத்தியலால் தட்டி எடுத்திருக்கிறார். பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்காக, காற்றை வெளியேற்றும் சிறு திருகான பிளீடர் நிப்பிளைத் திருப்ப, அது முறிந்துவிட்டது. முறிந்த இடத்தை எபாக்ஸி பசையால் அடைத்து, பின்களுக்கு வீல் பேரிங் கிரீஸ் தடவி, இடது பக்கத்துக்கு மட்டும் புது பேட் போட்டு ரூ. 1,800 வாங்கியிருக்கிறார். மூன்றாவது வாரமே பழைய சூடு திரும்பிவிட்டது. மிதியும் இப்போது மெத்தென்று இறங்குகிறதாம். சர்வீஸ் சென்டர் இரண்டு காலிப்பர், இரண்டு டிஸ்க், பேட், ஓஸ் (பிரேக் திரவம் போகும் ரப்பர் குழாய்) எல்லாம் சேர்த்து ரூ. 31,000 எஸ்டிமேட் கொடுத்திருக்கிறது. கொழுந்தனாரோ, சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் காலிப்பர் வாங்கிவிடலாம், அல்லது ரிப்பேர் கிட் வாங்கி பிஸ்டனை எமரி பேப்பரால் தேய்த்து வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்கிறார்.

"நான் 40-க்கு மேல் ஓட்டுவதே இல்லை. சம்பளம் வரும்வரை சமாளிக்கலாமா? இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சமாளிக்க வேண்டாம். வண்டியை இருக்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். சூடு இதற்கு இரண்டாவது காரணம்தான், முதல் காரணம் அந்த எபாக்ஸி பசை. உங்கள் டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டேகால் பார் அளவு. குறுக்கே ஒரு மாடு வந்து நீங்கள் பிரேக்கை அழுத்தி மிதித்தால் காலிப்பருக்குள் 80 பார் வரைக்கும்கூட அழுத்தம் ஏறும். அதைத் தாங்கவேண்டிய எஃகுத் திருகின் இடத்தில் பசை உட்கார்ந்திருக்கிறது. சாதாரணமாக மிதிக்கும்போது பிடிக்கும். எந்த நாளில் பலமாக மிதிக்கிறீர்களோ, அந்த நாளில்தான் பிய்த்துக்கொள்ளும்.

பிய்த்துக்கொண்டால் நான்கு பிரேக்கும் மொத்தமாகப் போகாது. இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரு இணைப்பு, மற்ற இரண்டும் இன்னொரு இணைப்பு. ஒன்று போனாலும் மற்றது நிற்கும். ஆனால் மிதி பாதிக்கு மேல் கீழே போன பிறகுதான் பிடிக்கும். நிற்கும் தூரம் வெகுவாக நீளும். அந்த நொடியில் பழக்கமில்லாதவர் பிரேக்கே இல்லை என்று நினைத்துக் காலை எடுத்துவிடுவார்.

'மெதுவாகப் போனால் ஆபத்தில்லை' என்பதும் பாதிதான் உண்மை. பேட் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்குச் சூடேற வேகம் தேவையில்லை. மெதுவாகப் போகும்போது அதைக் குளிர்விக்கும் காற்றும் குறைவு. சூடு பிஸ்டன் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் ஏறிய பிறகு அதே டாட் 4-க்குத் தரம் கேட்கும் குறைந்தபட்சம் 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழ் நசுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது; மிதி தரையைத் தொடும்.

மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது வண்டியை ஏற்றிப் போகும் லாரியில் அனுப்புங்கள். உங்கள் பாலிசியில் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் செலவு மிச்சமாகலாம்.

என்ன நடந்திருக்கிறது?

உங்கள் காரில் இருப்பது நகரும் காலிப்பர். பிஸ்டன் உட்பக்கம் ஒன்றே ஒன்றுதான். அது உட்பக்க பேடை டிஸ்க்கின்மேல் தள்ளுகிறது. தள்ளிய எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்கள்மேல் வழுக்கி வந்து வெளிப்பக்க பேடையும் இழுத்து அழுத்துகிறது. பின் இறுகிவிட்டால் வழுக்குவது நிற்கும். வேலை முழுவதும் உட்பக்க பேடின் தலையில் விழும். உட்பக்கம் இரும்பு வரை தேய்ந்து வெளிப்பக்கம் பாதிக்கு மேல் இருந்ததற்கு இதுவே போதுமான காரணம். உப்பளக் காற்று அடிக்கும் ஊரில், பின்னின் ரப்பர் உறையில் சின்னக் கீறல் விழுந்தாலே போதும், பின் இறுகுவதற்கு ஒன்றரை மாதம் அசையாமல் நிற்பது தாராளம்.

மூன்றே வாரத்தில் திரும்பவும் இறுகியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். வீல் பேரிங் கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயில் ஆனது. பின்னின் உறையும், சில பின்களின் நுனியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் அந்த எண்ணெய் பட்டால் ஊதும். ஊதிய ரப்பர் பின்னைக் குழிக்குள் கவ்விக்கொள்ளும். தவிர, சுத்தியல் அடி வாங்கிய பின் கொஞ்சம் வளைந்திருந்தாலும் வழுக்காது. பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ், அல்லது பிரேக்குக்கென்றே விற்கும் செயற்கை கிரீஸ். வேறெதுவும் கூடாது.

நாம் எல்லோரும் 'பிரேக் ஆயில், பிரேக் ஆயில்' என்று சொல்லிப் பழகியதில் ஒரு தீங்கு இருக்கிறது. அது ஆயிலே இல்லை, கிளைகால் வகைத் திரவம். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலைத் தொட்டியில் ஊற்றுகிறவர்களும், சீல்களைப் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவுகிறவர்களும் உண்டு. பிரேக்கின் உள் ரப்பர்கள் அவற்றில் ஊறினால் உப்பி, அடுத்த வாரமே பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும்.

மிதி மெத்தென்று இருப்பதற்கும் காரணம் தெளிவு. பிளீடர் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருப்பதே, மேலே சேரும் காற்று அதன் வழியாக வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான். அதைப் பசையால் மூடிவிட்டால் ஏர் எடுக்க வழியில்லை. ஓஸ் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் எடுத்திருப்பார். உச்சியில் நின்ற காற்று அங்கேயே இருக்கிறது.

முதலில் பிடிக்க வேண்டிய துப்பு

பொருள் எதையும் வாங்குவதற்கு முன்னால், சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருப்பது எது என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்தான் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய ரப்பர் ஓஸ் உட்பக்கம் வீங்கி அடைத்துக்கொண்டாலும் இதே சூடு, இதே கருகல்தான். மிதிக்கும் பலத்தில் திரவம் உள்ளே போய்விடும். காலை எடுத்த பிறகு திரும்பி வராது. அந்த ஓஸை விட்டுவிட்டுப் புதுக் காலிப்பர் மாட்டினால் புதுக் காலிப்பரும் சூடாகும்.

சோதனை பத்து நிமிட வேலை. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை மிதித்துவிட்டபின் சுற்ற மறுத்தால், எஃகுக் குழாயும் ரப்பர் ஓஸும் சேரும் இணைப்பை முதலில் தளர்த்த வேண்டும். சக்கரம் விடுபட்டால் கோளாறு அதற்கும் மேலே, மிதியின் பலத்தைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடுபடாவிட்டால், ஓஸ் காலிப்பரில் சேரும் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். இப்போது விடுபட்டால் குற்றவாளி ஓஸ். அப்போதும் அசையவில்லை என்றால் மட்டுமே பின் அல்லது பிஸ்டன். நிப்பிள் நன்றாக இருந்தால் இரண்டாவது சோதனையை அதன் வழியாகவே செய்திருக்கலாம். உங்களுக்கு அந்த வசதி போய்விட்டது.

எது தேறும், எது தேறாது?

'ரிப்பேரா, மாற்றுவதா' என்று காலிப்பர் முழுவதையும் ஒரே பொருளாக வைத்துக் கேட்டதில்தான் சர்வீஸ் சென்டர் 31,000-க்கும் கொழுந்தனார் எமரி பேப்பருக்கும் போனார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தீர்ப்பு வேறு.

இடது காலிப்பர் உடல்: முறிந்த நிப்பிளைப் பிழைக்க வைக்க வழிகள் உண்டு. ரப்பர்களை எல்லாம் எடுத்துவிட்டுச் சூடு காட்டி, நடுவில் துளை போட்டு, எக்ஸ்ட்ராக்டர் (முறிந்த திருகை எடுக்கும் கருவி) கொடுத்துத் திருப்புவார்கள். எக்ஸ்ட்ராக்டரும் உள்ளே உடைந்தால் கதை முடிந்தது. அந்த எஃகைச் சாதாரண டிரில் தொடாது. நிப்பிளின் கூம்பு முனை உட்காரும் அடித்தளம் சிதைந்தாலும் ஒழுகும். உங்கள் காலிப்பரில் பசை வேறு இறங்கியிருக்கிறது. அது உள் துளைக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இதற்கு நான் செலவு செய்யமாட்டேன். இடதுக்குப் புதுக் காலிப்பர்தான். (யாராவது முயன்றே தீருவேன் என்றால், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்த இடத்தில் தீயைக் காட்டவே கூடாது, குளோரின் கலந்த வகையாக இருந்தால் நச்சு வாயு கிளம்பும்.)

இடது பிராக்கெட்டும் (காலிப்பரைத் தாங்கும் சட்டம்) பின்களும்: பின் இரண்டும் உறைகளோடு புதிது. பிராக்கெட்டின் குழி சுத்தமாக இருந்து, புதுப் பின் விரலால் தள்ளினாலே சறுக்கிப் போய்வந்தால் பழையது போதும். குழி அரித்திருந்தாலோ, மரை போயிருந்தாலோ, சுத்தியல் அடியில் போல்ட் மாட்டும் காது விரிசல் விட்டிருந்தாலோ மாற்றுங்கள். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அது வார்ப்பிரும்பு; வெல்டிங்கின் ஓரத்திலேயே மறுபடி விரியும். பேட் உட்காரும் எஃகு கிளிப்புகளுக்கு அடியில் உப்புத்துரு ஏறியிருக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷால் வழித்தெடுக்காமல் புது கிளிப் போட்டால் பேட் இறுகும்.

வலது காலிப்பர்: ரிப்பேர் கிட் பொருந்தும் இடம் இதுதான். கிட்டுக்குள் இருப்பது சதுர வெட்டுடைய ஒரு சீல், டஸ்ட் பூட் (தூசி புகாமல் காக்கும் ரப்பர் உறை), சிலவற்றில் பின் உறைகள். அந்தச் சீல் திரவம் ஒழுகாமல் தடுப்பதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைத் திருப்பி இழுக்க வேறு ஸ்பிரிங் கிடையாது. சீல் உட்காரும் பள்ளத்தில் துரு படிந்தால் அது சீலைப் பிஸ்டன்மேல் நெருக்கும், பிஸ்டன் திரும்பாது. எனவே புதுச் சீல் போடுவதைவிட அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்வதே முக்கியமான வேலை. அவசரக்காரர்கள் விட்டுவிடுவதும் அதைத்தான்.

எமரி பேப்பர் யோசனையை இங்கே நிறுத்திவிடுங்கள். சீல் காலிப்பரின் பள்ளத்தில் அசையாமல் இருக்கிறது. அதற்குள்ளே வழுக்குவது பிஸ்டனின் மேற்பரப்பு. பிஸ்டன் எஃகாக இருந்தால் அதன்மேல் மெல்லிய முலாம் இருக்கும். எமரி போட்டால் முலாம் போகும். வேதாரண்யம் காற்றுக்கு அதன்பிறகு அழைப்பிதழ் தேவையில்லை. பிஸ்டனைத் துடைத்துவிட்டு விரல் நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சீல் ஓடும் பகுதியில் நகம் மாட்டும் குழி ஒன்று இருந்தாலும் புதுப் பிஸ்டன். கறை மட்டும் என்றால் அப்படியே விடலாம்.

டிஸ்க்: இடது டிஸ்க்கில் இரும்புத் தகடே உரசியிருக்கிறது, கோடு விழாமல் இருக்காது. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, லேத்தில் கடைந்த பிறகும் அந்த எண்ணுக்கு மேலே நின்றால் கடையலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் புதிது.

பேட், ஓஸ், திரவம்: பேட் எப்போதும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான், ஒரு பக்கம் மட்டும் மாற்றியது தவறு. சூட்டில் வெந்த இடது பேடை மூன்று வாரம்தானே ஆயிற்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஓஸ் 2017-இலிருந்து அதேதான் என்றால் முன் இரண்டையும் மாற்றுவதில் எனக்கு மறுபேச்சு இல்லை. திரவத்தை முழுதாக மாற்றுங்கள். தொட்டி மூடியில் எழுதியிருக்கும் வகை, சீல் பிரிக்காத ஒரு லிட்டர் டின் போதும். மீந்ததை அலமாரியில் வைக்க வேண்டாம்.

பெயின்ட்டில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். துடைத்தால் பரவும்.

ஆக, காலிப்பரை ஜோடியாக மாற்றியே ஆகவேண்டும் என்பது விதி இல்லை. பேடுக்கும் டிஸ்க்குக்கும் அந்த விதி உண்டு; காலிப்பருக்கு, அளவும் வகையும் ஒன்றாக இருந்தால் போதும். எஸ்டிமேட்டில் வலது காலிப்பரை மட்டும் அடித்துவிட்டு, பிரித்துப் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். மற்றபடி அந்த எஸ்டிமேட்டை ஏமாற்று என்று சொல்லமாட்டேன்.

புதுப்பேட்டை பாதை

கண்ணாடி, கதவுக் கைப்பிடி, விளக்கு என்றால் நானே போகச் சொல்வேன். காலிப்பருக்கு வேண்டாம். ஒரே பெயரில் ஓடும் காரிலேயே ஆண்டுக்கும் வேரியண்டுக்கும் பிஸ்டன் அளவு மாறலாம். 48 மில்லிமீட்டருக்குப் பதில் 51 மில்லிமீட்டர் பிஸ்டன் வந்தால் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே மிதிக்கு அந்தச் சக்கரம் சுமார் 13 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும். மழையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தவிர, பழைய காலிப்பருக்கும் அதே கிட், அதே பள்ளத்துரு, அதே வேலை. நீங்கள் மிச்சப்படுத்துவது இரும்பின் விலை மட்டும். புதிது வாங்கும்போது பார்ட் நம்பரை வண்டியின் சேஸிஸ் எண்ணோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள். கார் கம்பெனியின் பெட்டியில்தான் வரவேண்டும் என்பதில்லை. பழைய காலிப்பரில் வார்த்திருக்கும் பிரேக் உற்பத்தியாளரின் முத்திரையைப் பார்த்து, அந்த உற்பத்தியாளரே கடைக்கு அனுப்பும் பாகம் கிடைத்தால் அதுவும் போதும்.

கொழுந்தனார் செய்யலாமா?

பேட் மாற்றுவதும் பின்னுக்கு கிரீஸ் போடுவதும் கவனமுள்ள யாரும் கற்றுக்கொள்ளக்கூடியவை. பிஸ்டனைப் பிரிப்பதும் ஏர் எடுப்பதும் முதல் முறையாகச் செய்கிறவருக்குப் பள்ளிப்பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி வேண்டாம். ஆனால் அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அவர் கண்ணில் படவேண்டியவை இவை.

கழற்றிய காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ஓஸில் தொங்கவிடக் கூடாது. பிஸ்டனைக் கம்பிரசர் காற்றால் வெளியே எடுப்பதானால் எதிரே மரக்கட்டை இருக்க வேண்டும், விரல் இருக்கக் கூடாது. துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். புதுச் சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து, முறுக்கில்லாமல் உட்கார வைக்க வேண்டும். பிஸ்டன் கைவிரல் பலத்திலேயே நேராக இறங்க வேண்டும். தட்டினால்தான் போகிறது என்றால் கோணலாக நிற்கிறது. டஸ்ட் பூட்டுக்குப் பூச, ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட சிவப்பு ரப்பர் கிரீஸ் கிடைக்கும். ஓஸ் போல்ட்டின் இரண்டு பக்கமும் செம்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும். பிராக்கெட் போல்ட்டுகளுக்குச் சிறிய கார்களில் பொதுவாக 80 முதல் 110 நியூட்டன் மீட்டர், பின் போல்ட்டுகளுக்கு 25 முதல் 35. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்தான் இறுதி. இந்த இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத கடை என்றால் வேறு கடை.

மாட்டி முடித்ததும் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் இடதும் வலதும் மாறிவிட்டது. எத்தனை டின் ஊற்றினாலும் ஏர் போகாது. ஏர் எடுக்கும்போது தொட்டி காலியாகவே கூடாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் ஓட வேண்டும். வண்டியை நகர்த்துவதற்கு முன் மிதியைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் மிதி வெறும் மிதிதான். ஒர்க் ஷாப் சுவரில் மோதிய வண்டிகளில் பாதி இப்படித்தான் மோதியிருக்கும்.

பணமும் உரிமையும்

இன்சூரன்ஸில் இது கிடைக்காது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சொந்தச் சேத பாலிசியில் விலக்கப்பட்டவை. அதைவிட முக்கியமானது, வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் பாலிசியின் நிபந்தனை. பிரேக் கெட்டது தெரிந்தும் ஓட்டி விபத்தானால் அந்த வரியை எடுத்துக் காட்டுவார்கள். சம்பளம் வரும்வரை நிறுத்திவைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளூர் மெக்கானிக் செய்தது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்ற வகைக்குள் வரும். பில் தரவில்லை என்றால், பணம் அனுப்பிய யுபிஐ பதிவும் பசை தெரிகிற ஒரு போட்டோவும் சான்றாக உதவும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ரூ. 1,800-க்காக அவ்வளவு தூரம் போவதா என்றால், நான் முதலில் அவரிடமே நேரில் போய்ப் பணத்தைக் கேட்கச் சொல்வேன். எந்தக் கடையாக இருந்தாலும் வேலைக்கு முன் பார்ட் நம்பரோடு எழுத்தில் எஸ்டிமேட், வேலைக்குப் பின் கழற்றிய பழைய பாகங்கள், ஜிஎஸ்டி பில் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பழைய பாகத்தைத் தர மறுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

வேலை முடிந்த அன்று

காலியான சாலையில் 50-இலிருந்து 20 வரை நிதானமாகப் பத்து முறை வேகம் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை கிலோமீட்டராவது ஓடட்டும்; முழுதாக நிறுத்தாதீர்கள். பேடும் டிஸ்க்கும் அப்போதுதான் ஒன்றோடொன்று பழகும். பிறகு ஆறவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி, மெக்கானிக்கின் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் இரண்டு முன் டிஸ்க்கையும் அளக்கச் சொல்லுங்கள். கையை வைத்துப் பார்க்க வேண்டாம். சில டிகிரி வித்தியாசம் இருக்கலாம். ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு காட்டினால் பில் கட்டாதீர்கள். இடது வீல் பேரிங்கில் உறுமல் இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கட்டும். அவ்வளவு சூட்டில் அதன் கிரீஸும் உருகியிருக்கலாம்.

அடுத்த கோடை விடுமுறைக்கு முன் சக்கரங்களின் உட்புறத்தை நல்ல தண்ணீரில் கழுவி, கொஞ்ச தூரம் ஓட்டி ஈரத்தைப் போக்கிவிட்டு நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாமல், முதல் கியரில் போட்டு டயருக்குக் கட்டை வையுங்கள். வாரம் ஒரு முறை கடைத்தெரு வரை போய்வந்தால் பின்களுக்கு அந்த அசைவு போதும்.